‘டிஎம் கூட மீட்டிங்’ என்று சொல்லாமல் ஆர்பிஜி ஆடுவது எப்படி?

சனிக்கிழமை இரவு எங்கே போகிறீர்கள் என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம், ஏறக்குறைய எட்டு மாதம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "டிஎம் கூட மீட்டிங்."

வார்த்தையை மட்டும் பார்த்தால் அதில் பொய்யே இல்லை. ஐடி கம்பெனியில் டிஎம் என்றால் டெலிவரி மேனேஜர். நாங்கள் ஆடும் ஆர்பிஜியில், அதாவது ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்று ஆடும் ‘ரோல் பிளேயிங் கேம்’ என்ற ஆட்டத்தில், டிஎம் என்றால் டன்ஜியன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர். அவரோடுதான் மீட்டிங். அப்புறம் அலுவலகத்தில் குடும்ப தினம் வந்தது. அசல் டெலிவரி மேனேஜரிடம் என் மனைவி, "சனிக்கிழமை ராத்திரிகூட இவரை விட மாட்டேங்கிறீங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பிரியாணித் தட்டைப் பார்த்தேன்.

அன்று இரவு நடந்த விசாரணையில் ஆட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. "இதைப் போய் யாராவது மறைப்பாங்களா? இதையே மறைச்சிருக்கீங்கன்னா வேற என்னென்ன இருக்கோ" என்றாள். என்னிடம் பதில் இல்லை. வேறு எதுவும் இல்லை என்று நிரூபிக்க அதற்குப் பிறகு பல வாரம் ஆனது.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் விதிகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. விதிகள் இரண்டு சனிக்கிழமையில் பழகிவிடும். "வீட்ல என்னன்னு சொல்றது?" என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்களுக்கே சொல்லத் தெரிய வேண்டும்

மறைப்பவர்களில் பாதிப் பேர் பயத்தால் மறைப்பதில்லை. விளக்கத் தெரியாததால் மறைக்கிறார்கள். "அது வந்து… ஒரு கேம்… ஆனா கம்ப்யூட்டர் கேம் இல்ல… நடிக்கிற மாதிரி… ஆனா நடிப்பு இல்ல" என்று இழுத்தால், கேட்பவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

நான் இப்போது சொல்வது இது: "நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஒரு கதை சொல்றோம். ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒரு காரியம் நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டிப் பார்ப்போம்." அவ்வளவுதான். இதற்கு மேல் முதல் நாளே எதுவும் சொல்ல வேண்டாம். எல்ஃப் என்ற கற்பனை இனம், பாலடின் என்ற புனித வீரன், ஹிட் பாயின்ட் என்ற உயிர்ப்புள்ளி எல்லாம் அப்புறம்.

கேட்பவரைப் பார்த்து உதாரணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். என் வயதுக்காரர்களிடம் ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டு விளையாட்டை நினைவுபடுத்துவேன். சீட்டில் திருடன் வந்துவிட்டால் அந்தச் சுற்று முழுக்க முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதையே மூன்று மணி நேரத்துக்கு நீட்டினால் இந்த ஆட்டம். கூத்துப் பார்த்து வளர்ந்த பெரியவர்களிடம் கட்டியக்காரன் என்ற ஒரு சொல் போதும். பாத்திரங்களை அறிமுகப்படுத்துவது, கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவது, நடுவில் கிண்டல் அடிப்பது என்று கட்டியக்காரன் செய்வதில் பெரும்பகுதியைத்தான் எங்கள் டிஎம்மும் செய்கிறார். என் மாமனாருக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது. "அப்போ மத்தவங்களுக்கு வசனம் யார் எழுதிக் குடுக்கிறது?" என்றார். யாரும் எழுதித் தருவதில்லை, அங்கேயே யோசித்துப் பேச வேண்டும் என்றேன். "அது கஷ்டமாச்சே" என்றார். அன்றிலிருந்து அவர் பார்வையில் நான் ஏதோ கஷ்டமான காரியம் செய்கிறவன்.

2. கேட்பவரின் பயம் எது என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஆட்டத்தை மறைத்து ஆடும் பழக்கம் நாம் தொடங்கியது அல்ல. இந்த வகை ஆட்டங்களில் முதலில் வந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. 1979-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். அவனைத் தேட அமர்த்தப்பட்ட தனியார் துப்பறிவாளர், பல்கலைக்கழகத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் போகும் சுரங்கத்துக்குள் இந்த ஆட்டத்தை ஆடப் போய் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். அவன் காணாமல் போனதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் பையனுக்கு வேறு மன வேதனைகள் இருந்தன என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. 1983-ல், மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய் இந்த ஆட்டத்தை எதிர்த்து ஓர் அமைப்பே தொடங்கினார். பேய், பிசாசு, மந்திரம் என்று தேவாலயங்களில் எச்சரித்தார்கள். கடைசியில் ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனியே இறங்கிவந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘டெமன்’, ‘டெவில்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு வாயில் நுழையாத வேறு பெயர்களை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் விதிப் புத்தகங்களை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பயம் நம் ஊரில் பெரும்பாலும் கிடையாது. அமெரிக்கப் பிரசங்க வீடியோக்களைப் பார்க்கும் சில கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் எப்போதாவது தலைகாட்டும். அங்கே இறையியல் வாதம் செய்யாதீர்கள், ஜெயிக்க முடியாது. பேயே இல்லாத ஆட்டத்தைக் காட்டுங்கள். 1977-லேயே வந்த டிராவலர் என்ற ஆட்டத்தில் நீங்கள் விண்கலத்தில் சரக்கு ஏற்றிப் பிழைப்பவர். கலம் வாங்கிய கடனுக்கு 40 வருடம் மாதத் தவணை கட்ட வேண்டும். லாரி ஓனர் கதைதான், ரோட்டுக்குப் பதில் வானம். வீட்டுக் கடன் கட்டும் எந்த அப்பாவுக்கும் அதில் சாத்தான் தெரியாது. வங்கி தெரியும்.

நம் ஊர்ப் பயம் வேறு. அது பகடை.

என் பையில் இருந்த பகடைகளை அம்மா பார்த்த நாள் எனக்கு மறக்காது. துணி துவைக்க எடுத்தபோது சின்னச் சுருக்குப் பை ஒன்று விழுந்தது. உள்ளே ஏழு பகடை, கண்ணாடி போல நீல நிறம். நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம், பத்து முகத்தில் இரண்டு, பன்னிரண்டு முகம், இருபது முகம். அம்மா அவற்றைத் தட்டில் கொட்டி, கூடத்து நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்த வீட்டுல உருட்டுற வேலை வேண்டாம்டா" என்றார். எங்கள் தாத்தா சீட்டாட்டத்தில் தென்னந்தோப்பைத் தொலைத்தவர். கும்பகோணம் பக்கம் அந்தத் தோப்பைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தில் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாரதக் கதை கேட்டு வளர்ந்த நாட்டில், பகடையைக் கண்டதும் தருமன் நாட்டைத் தோற்றதும் பாஞ்சாலி சபைக்கு இழுக்கப்பட்டதும்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு ஆன்லைன் ரம்மியில் பணம் போய் உயிரை விட்டவர்களைப் பற்றி வருடக்கணக்கில் செய்தி படித்திருக்கிறோம். அதற்காகவே தமிழ்நாட்டில் 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் போய் "ஆன்லைன்ல கேம் ஆடறேன், பகடை உருட்டுவோம்" என்று சொன்னால் அம்மா எதை நினைப்பார்?

ஆகவே நம் வீடுகளில் முதல் வரியிலேயே வர வேண்டியது: காசு வைப்பதில்லை. ஜெயிப்பவர் தோற்பவர் என்றே யாரும் கிடையாது. இதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

நான் அன்று அம்மாவிடம் வைகுண்ட ஏகாதசியைச் சொன்னேன். கண் விழிக்க வேண்டும் என்று அத்தை, சித்தி எல்லோருமாக உட்கார்ந்து விடிய விடியப் பரமபதம் ஆடுவார்களே, பாம்பு கொத்தி இறங்கி, ஏணியில் ஏறி, சொர்க்கவாசல் வரைக்கும், அதிலும் பகடைதானே? அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"காசு வைப்பீங்களா?"

"இல்லம்மா."

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்புறம் எதுக்குடா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். பேய்க்கும் சூதாட்டத்துக்கும் பதில் எளிது. ‘எதுக்கு’ என்பதற்கு மழுப்பினால் எல்லாம் போச்சு. குழு விளையாட்டு மூளையை வளர்க்கும், ஆங்கிலப் பேச்சு மேம்படும் என்று டியூஷன் சென்டர் நோட்டீஸ் போல அளக்காதீர்கள், அம்மாக்கள் நம்ப மாட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன்: "வாரம் பூரா ஆபீஸ்ல யார்கிட்டயும் சிரிச்சுப் பேசறதே இல்லம்மா. அங்க போனா சிரிக்கிறேன்." அம்மா பகடைகளைச் சுருக்குப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாமி மாடம் பக்கம் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

3. யாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், யாரிடம் தேவையில்லை

எல்லோரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய்க் காரணம் சொல்லிவிட்டுப் போவது வேறு. நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: உங்கள் ஆட்டத்துக்காக யாருடைய நேரமும் தூக்கமும் போகிறதோ, அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாதம் நான்கு சனிக்கிழமை மாலை வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்றால், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அதன் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். பெரியப்பா மகனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கல்யாண வீட்டில் அவர் கேட்டால் "ஃப்ரெண்ட்ஸோட போர்டு கேம்" என்று முடித்துக்கொள்ளலாம். போர்டு இல்லையே என்று அவர் கேட்கப் போவதில்லை.

கல்யாணப் பேச்சு நடக்கிறதா? பத்திரிகை அடிப்பதற்கு முன், அந்தப் பெண்ணிடம் அல்லது பையனிடம் நேரில் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் சபையில் வேண்டாம். ஒரு காபி குடிக்கும் நேரத்தில், "சனிக்கிழமை எனக்கு இப்படி ஒரு பழக்கம்" என்று. பழக்கம் என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் குடிப்பழக்கம் என்று பதறுவார். அடுத்த வரியில் ஆட்டம் என்று கேட்டதும் வரும் நிம்மதி உங்களுக்குச் சாதகம். (எங்கள் குழுவில் ஒருவர் வேண்டுமென்றே இப்படித்தான் செய்தார். வேலை செய்தது.)

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் 18 வயதுக்குக் கீழே என்றால், வீட்டுக்குத் தெரியாமல் ஆட வராதீர்கள். நீங்கள் ஆட்டம் நடத்தும் பெரியவர் என்றால், பெற்றோருக்குத் தெரியாத பிள்ளையை மேசையில் சேர்க்காதீர்கள். பையன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அறிமுகமில்லாத பெரியவர்களோடு ஒரு சிறுவன் ரகசியமாக ராத்திரியில் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால், உங்கள் ஆட்டம் எவ்வளவு நல்லது என்பதை யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. நாங்கள் அம்மாவோ அப்பாவோ ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்போம். ஒரு அப்பா அப்படி வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்து முழு செஷனும் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தனக்கும் ஒரு கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள், கேட்டார்.

பெண்களுக்கு இன்னொன்று. புதிய குழு, முன்பின் பார்க்காத வீடு என்றால், ரகசியம் என்பதே பேச்சில்லை. வீட்டில் சொல்ல முடியாத நிலை இருந்தாலும் தோழி ஒருத்திக்காவது முகவரி, ஆடுகிறவர்களின் பெயர், முடியும் நேரம் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு செஷனை கஃபே போன்ற பொது இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் குழு உங்களுக்கு வேண்டாம்.

4. சொல்லும் நேரம், சொல்லும் விதம்

ஆட்டத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சொல்லாதீர்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதும் வேண்டாம். வேலை எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம்.

வாயால் சொல்வதைவிடப் பொருளைக் காட்டுவது நல்லது. பகடையைக் கையில் கொடுங்கள். இருபது முகப் பகடையைக் கையில் வாங்கியதும் உருட்டிப் பார்க்காத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. உருட்டியதும் எண் என்ன என்று பார்ப்பார்கள், "இது நல்லதா கெட்டதா?" என்பார்கள். 20 விழுந்தால் பிரமாதம், 1 விழுந்தால் சொதப்பல் என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது. கேரக்டர் ஷீட்டையும் காட்டலாம், ஆனால் அதில் இருக்கும் கட்டங்களைப் பார்த்தால் வருமான வரிப் படிவம் போல இருக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எப்படியும் கேட்பார்கள். தொடங்குவதற்குப் பெரிய செலவே கிடையாது. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். 2023 ஜனவரியில் அதன் முக்கிய விதித்தொகுப்பை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்திலேயே விட்டுவிட்டார்கள். பகடை செட் ஒன்று சில நூறு ரூபாய்தான். அந்தப் பொம்மைச் சிலைகள், வண்ணப் புத்தகங்கள், தோல் பெட்டி எல்லாம் தேவை இல்லாதவை. அவற்றை வாங்க ஆரம்பித்து, பார்சலை வாட்ச்மேனிடம் வைத்துவிட்டு ராத்திரி திருட்டுத்தனமாக எடுத்துவந்தீர்கள் என்றால், நீங்கள் மறைப்பது ஆட்டத்தை அல்ல, செலவை. அது தனிப் பிரச்சினை.

"வந்து ஒரு தடவை பாரேன்" என்று கூப்பிடுங்கள். ஆட வற்புறுத்தாதீர்கள். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சொல்லிவிட்ட உற்சாகத்தில் மறுவாரமே மனைவிக்கு ஒரு எல்ஃப் வில்லாளி தயார் செய்துவிடுவார்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே கேட்பார். என் மனைவி ஒரு முறை வந்தாள், பஜ்ஜி சாப்பிட்டாள், "நீங்க வில்லன் குரல்ல பேசறது நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்ததில்லை. சனிக்கிழமை பற்றிக் கேள்வியும் இல்லை.

சிலருக்கு ஒரு பிரபலத்தின் பெயர் இருந்தால் போதும். என் தம்பி எல்லா விளக்கத்தையும் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டான். நடிகர் வின் டீசல் பல வருடமாக இதை ஆடுகிறவர், 2004-ல் ஆட்டத்தின் 30-ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரையே எழுதியவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

5. அலுவலகம்

அலுவலகத்தில் சொல்லலாம், ஆனால் அவசரம் இல்லை. 2016-ல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடருக்குப் பிறகு பையன்கள் மேசையைச் சுற்றி பகடை உருட்டுவதை எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கிறார்கள். "அது மாதிரியா?" என்பார்கள், "அதேதான்" என்று தலையாட்டினால் முடிந்தது. பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் டிஎம் என்று சுருக்கி எழுதாதீர்கள். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

குடும்ப தினத்துக்குப் பிறகு என் டெலிவரி மேனேஜர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில் "நாளைக்கு மீட்டிங் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

6. மௌனமே சரியான இடங்கள்

எல்லா இடத்திலும் வெளிப்படையாக இரு என்று சொல்ல மாட்டேன். 2004-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாபன் சிறையில் இந்த ஆட்டத்தையே தடை செய்தார்கள். கைதி ஒருவர் கையால் எழுதி வைத்திருந்த 96 பக்கக் கதையைப் பறித்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டு நடப்பது கும்பல் மனப்பான்மையை வளர்க்கும் என்பது சிறை நிர்வாகத்தின் வாதம். அவர் வழக்குப் போட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆட்டம் பிறந்த ஊரான லேக் ஜெனிவாவும் அதே விஸ்கான்சினில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பை வரவழைக்கும்.

சிறை தூரத்து விஷயம், ஹாஸ்டல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வார்டன் பகடையைக் கண்டால் சூதாட்டம் என்று எழுதி அப்பாவுக்குப் போன் போடும் ஆள் என்றால், அவரை மாற்றும் பொறுப்பு உங்களுடையது அல்ல. பகடையை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். போனில் உருட்டும் செயலிகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து இருபது வரை எண் எழுதிய துண்டுச் சீட்டுகள் போதும். வாடகை வீட்டு ஓனர், அக்கம்பக்கம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். அவர்களுக்கு விளக்கத் தேவை இல்லை, சத்தம் கேட்காமல் இருந்தால் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, "அவன விடாத, கழுத்தறு!" என்று கத்தினால் எதிர்வீட்டு மாமா என்ன நினைப்பார்? மடிப்பாக்கத்தில் எங்களுக்கு இது நடந்திருக்கிறது. கதவைத் தட்டினார். கதவைத் திறந்து மேசையைக் காட்டினோம். முறுக்கு கொடுத்தோம். சரியாகிவிட்டது, ஆனால் எல்லா மாமாவும் தட்டிவிட்டு வருவார் என்று சொல்ல முடியாது, சிலர் நேரே போலீஸைக் கூப்பிடுவார்கள்.

7. அடுத்தவர் ரகசியம் உங்களுடையது அல்ல

புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். நீங்கள் வீட்டில் சொல்லிவிட்டீர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உடனே மேசையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறீர்கள். அந்தப் படத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் குழுவில் ஒருவர் ஜிம்முக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். ஸ்டேட்டஸில் அவர் கையில் சமோசா. படம் போட்டவர் நான்தான். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

அவர் பொய் சொன்னது தவறு என்று நான் நினைக்கலாம், எட்டு மாதம் பொய் சொன்னவன் என்ற தகுதியில். ஆனால் அதை உடைக்கும் உரிமை எனக்கு இல்லை. இப்போது எங்கள் வழக்கம்: படம் எடுக்கலாம், பகடையும் வரைபடமும் மட்டும். முகம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகு.

இதைவிட ஆழமான ஒன்று, மேசைக்குள் நடப்பது. ஆட்டத்தை வெளியே சொல்லலாம், ஆட்டத்துக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லக் கூடாது. மீசை வைத்த ஆள் பாட்டி பாத்திரம் எடுத்து உருகி உருகிப் பேசுவார். அப்பாவோடு வருடக்கணக்கில் பேசாத ஒருவர், கதையில் வரும் கிழட்டு ராஜாவிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியில் குரல் உடைந்து நிற்பார். தன் பாலினத்தைப் பற்றி வேறெங்கும் வாய் திறக்க முடியாத ஒருவர் இங்கே ஒரு பெயரை அணிந்து பார்ப்பார். இதெல்லாம் மறுநாள் அலுவலக கேன்டீனில் கதையாகக் கூடாது. என் மனைவியிடம்கூட "இன்னிக்கு ஒரு டிராகனைக் கொன்னோம்" என்ற அளவில்தான் சொல்கிறேன். அவளும் அதற்கு மேல் கேட்பதில்லை, டிராகன் அலுப்பாக இருப்பதால்.

புதிய குழுவில் சேரும்போது, ஆடத் தொடங்கும் முன் பேசிக்கொள்ளும் அந்த முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். ‘செஷன் ஜீரோ’ என்பார்கள். எந்தக் காட்சி வேண்டவே வேண்டாம், படம் எடுக்கலாமா, பதிவு செய்கிறீர்களா, வாட்ஸ்அப் குழுவில் யார் யார் என்ற நான்கும் அன்றே தெரிந்துவிட வேண்டும். ஆன்லைனில் ஆடினால் பதிவுக் கேள்வி ரொம்ப முக்கியம். யாரோ ஒருவர் யூடியூபில் போடும் எண்ணத்தோடு சத்தமில்லாமல் பதிவு செய்துகொண்டிருப்பார். நடுவில் சங்கடமான காட்சி வந்தால் காரணம் சொல்லாமலே நிறுத்த ‘எக்ஸ் கார்டு’ என்று ஒன்று உண்டு. மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஒரு சீட்டு, தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்தது, ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் என்பவர் அறிமுகப்படுத்தியது. உங்கள் காரணம் உங்களோடு இருக்கட்டும் என்று மதிக்கும் விதி அது.

சாமிப் பெயர்கள் விஷயமும் இங்கேயே முடிவாக வேண்டும். 1980-ல் வந்த ஒரு துணைநூலில் நம் இந்திரன், அக்னி, காளி எல்லோரையும் சேர்த்து, ஆளுக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கே போட்டிருந்தார்கள். அதாவது அடித்து வீழ்த்த முடியும் என்று பொருள். அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். நம் வீட்டில், கூடத்தில் அம்மா இருக்கும்போது, "காளிக்கு எத்தனை ஹிட் பாயின்ட் பாக்கி?" என்று நீங்கள் கேட்டால், இதுவரை மேலே எழுதிய எதுவும் உங்களைக் காப்பாற்றாது. கற்பனைத் தெய்வங்கள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

8. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்குப் போங்கள்

எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இனிமேல் பிரச்சினை வருவது கடிகாரத்தால் மட்டும்தான். ஆர்பிஜி பத்து மணிக்கு முடியும் என்றால் பதினொன்றரைக்கு முடியும். பூட்டிய கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று நாற்பது நிமிடம் விவாதிக்கும் கூட்டம் இது. ஆகவே வீட்டில் சொல்லும் நேரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள். பதினொன்றரை என்று சொல்லிவிட்டுப் பத்தேமுக்காலுக்கு வந்து நின்றால் நல்ல பெயர். சண்டைக் காட்சி பாதியில் இருந்தாலும் சொன்ன நேரம் வந்தால் எழுந்துவிடுங்கள். உங்கள் பாத்திரத்தை அடுத்த வாரம் வரை டிஎம் மயக்கத்தில் போட்டு வைப்பார். தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே போன் செய்யுங்கள், செய்யும்போது யாரோடு இருக்கிறீர்கள் என்று முழுப் பெயராகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் டிஎம் என்ற சொல்லுக்கு இன்னும் தடை நீங்கவில்லை.